பெருங்கப்பல் காணாத கரை



கடல் வழியாகத் தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள பழைய கோட்டைகளையும் கோயில்களையும் துறைகளையும் பார்த்து வருவது இன்று உலகெங்கும் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் மாளிகை போன்ற கப்பல்கள் இத்தொழிலில் ஒரு வகை. இருபது முப்பது பேரை மாத்திரம் ஏற்றிக்கொண்டு, பெரிய கப்பல் நெருங்க முடியாத சிறு தீவுகளிலும் ஒடுங்கிய குடாக்களிலும் தங்கித் தங்கிச் செல்லும் சிறு கலங்கள் மற்றொரு வகை. முதலாவது வகையில் பயணம் செய்பவர் பெரும்பாலும் கப்பலையே அனுபவிக்கிறார். இரண்டாவது வகையில் செல்பவருக்கே கரையும் கரையில் வாழும் மக்களும் தெரிய வருகிறார்கள். எமது திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவின் வரலாற்றை அறிவதற்கு இந்த இரண்டாவது வழியே ஏற்றது என்பதையும், அது இன்று ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதையும் இவ்வுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சிறு கலப் பயணத்துக்கும் இலக்கியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. துருக்கி நாட்டை எடுத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டு ஜெவாத் ஷாகிர் என்னும் எழுத்தாளர், தாம் எழுதியதொன்றின் காரணமாகத் தண்டிக்கப்பட்டு, நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள போட்ரும் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். பழங்காலத்தில் ஹலிகார்னசஸ் என வழங்கிய ஊர் அது. வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரடோட்டஸ் பிறந்ததும் அங்கேதான். தண்டனைக் காலம் முடிந்ததும் ஜெவாத் ஷாகிர் தாமாகவே அவ்வூருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ‘ஹலிகார்னசஸ் மீனவன்’ என்ற புனைபெயரில் அக்கரையின் மக்களைப் பற்றி எழுதினார். 1940களில் அவரும் அவருடைய எழுத்தாள நண்பர்களும், கடற்பஞ்சு குளிக்கும் தொழிலாளரின் மரக்கலங்களில் ஏறி, அக்கரையின் குடாக்களையும் இடிபாடுகளையும் சுற்றி வரலாயினர். வசதி ஏதுமற்ற பயணம் அது. ரொட்டியும் பிடித்த மீனும் உணவு. கலத்தின் தட்டே படுக்கை. அப்பயணத்துக்கு ‘நீலப் பயணம்’ என்று பெயர் வழங்கியது. அந்த நண்பர்களுள் ஒருவரான அஸ்ரா எர்ஹாட் என்ற அம்மையார் அதே பெயரில் 1962ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். இன்று அக்கரையில் பல்லாயிரம் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு கலப் பயணத் தொழிலுக்கு வித்திட்டவர்கள் இந்த எழுத்தாளர்களே எனலாம்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் பண்டைய கிரேக்கரின் வரலாற்றை ஏட்டிலே முன்னரே கற்றவர்கள். ஆயினும் கடற்பஞ்சு குளிப்போனின் கலத்தில் ஏறியபோது, அந்தக் கரையை அறிந்தவன் அவனே என்பதை ஏற்றுக்கொண்டார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் அவனிடமே கேட்டறிந்தார்கள். அவ்வாறு கற்றோரின் அறிவும் கடலோடியின் அறிவும் ஒரே தட்டில் அமர்ந்தபோதுதான் அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டாயிற்று.

இனி எமது கரைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசப் பயணக் கப்பல் இலங்கைக்கு வரத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் செல்லும் பயணம் அது. தமிழகத்துக்கும் எமது துறைமுகங்களுக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் ஓடுவது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால், இத்தகைய கப்பலில் வருபவர் திருகோணமலையில் எதைக் காண்பார்? கோணேசர் கோயிலைக் காண்பார், பிரெடெரிக் கோட்டையைக் காண்பார், கடைத்தெருவைக் காண்பார். குடாவுக்கு அப்பால் தெற்கே பச்சைக் கோடாகத் தெரியும் கரையை அவர் காணமாட்டார். மூதூர், சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர், கிளிவெட்டி, எமது தோப்பூர் என்று பல ஊர்களும் அவற்றின் வயல்களும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன.

வந்து போகும் பயணியை விடுவோம். எமது மாணவரின் நிலையும் இதுவே. மாவட்டத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களைக் கூறுமாறு வகுப்பிலே கேட்டால், தென்கரைப் பிள்ளைகளும் வடகரையின் பெயர்களையே அடுக்குகிறார்கள். தம் கரையைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: ‘ஒரு வெள்ளைக்காரன் பிடிபட்ட இடம்.’ தமது ஊருக்கென்று ஒரு வரலாறு இல்லை என்ற எண்ணத்தோடு ஒரு தலைமுறை வளர்வது சிறிய விடயமன்று.

குடாவின் அமைப்பை முதலில் மனத்திலே வரைந்து கொள்ளுங்கள். வடக்கே திருகோணமலை நகரும், மலைகள் சூழ்ந்த உட்துறைமுகமும். அதற்குத் தெற்கே, கிழக்குக் கடலை நோக்கி வாய் திறந்து கிடக்கும் பரந்த கொட்டியாரக் குடா. குடாவின் தென்கரையில் மூதூர். அதற்கு மேற்கே, 335 கிலோமீற்றர் ஓடி வந்த மகாவலி கங்கையின் ஒரு கிளை கடலோடு கலக்கிறது. அதற்கும் அப்பால் கிண்ணியா. அதன் உட்புறத்தே தம்பலகாமக் குடா. குடாவின் அடியிலே மிக ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிக் கிழக்கே நெடுந்தூரம் செல்கிறது. பெரிய திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். தோப்பூர் கடலோரத்தில் இல்லை. மூதூரிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில், வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே இருக்கிறது. ஆயினும் தோப்பூரின் நெல்லும் தயிரும் விறகும் நெடுங்காலம் இந்தக் குடாவைக் கடந்தே பட்டணம் சென்றன. ஆகவே தோப்பூருக்கும் இக்குடாவில் பங்குண்டு.

பிற நாட்டார் இக்குடாவைத் தேடி வந்த காரணத்தை வாடைக்காற்றே எமக்குக் கூறும். தமிழகத்தின் சோழமண்டலக் கரை நெடுகிலும், அக்காலத்துக் கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கிளம்பினால், சென்னைக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் உடைந்து போகும் ஆபத்து இருந்தது. அந்தக் கரைக்கு அண்மையில், எக்காலத்திலும் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய ஆழமான துறைமுகம் திருகோணமலையே. வங்காள விரிகுடாவில் வணிகமோ போரோ செய்ய நினைத்த ஒவ்வோர் ஐரோப்பிய அரசும் இதன்மேல் கண்வைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

இப்பொழுது, ஒரு சிறு மோட்டார்க் கலத்தில் ஏறிக் குடாவைச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். சோளகக் காலம், எமது கீழ்க்கரைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். நகரத்து இறங்குதுறையிலிருந்து புறப்பட்டதும் உட்துறைமுகத்திலே முதலில் எதிர்ப்படுவன பெரிய சோபர் தீவும் சின்னச் சோபர் தீவும். மரம் அடர்ந்த தீவுகள். பிரித்தானியர் காலத்துப் பீரங்கித் தளங்களின் எச்சங்கள் பெரிய தீவிலே இருக்கின்றன.

இத்துறைமுகத் தீவுகளின் கதையில் 1672ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டிலே பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே ஒரு கப்பற் படையோடு இங்கு வந்து, தீவொன்றிலே அரண் அமைத்தார். ஒல்லாந்தரை வெறுத்திருந்த கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் அவரை வரவேற்றான். ஆயினும் என்ன நிகழ்ந்தது? கப்பல்களில் உணவு தட்டுப்பட்டது, நோய் பரவியது, ஒல்லாந்தரின் கப்பற்படை வழியை மறித்தது. தெ லா ஹே புறப்பட்டுப் போய்ச் சென்னையை அடுத்த சாந்தோமைக் கைப்பற்றினார். தீவிலே அவர் விட்டுச் சென்ற சிறு படையை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். கண்டிக்குத் தூது சென்ற பிரெஞ்சுக்காரர் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். இலங்கையில் லனரோல் என்ற குடும்பப் பெயர் அவர் வழி வந்தது. பீரங்கியும் கப்பலும் இருந்தும், கரையிலிருந்து அரிசி வராவிட்டால் ஒரு தீவைக் காக்க முடியாது என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

கலம் துறைமுக வாயிலை நெருங்குகிறது. அங்கே உயர்ந்து நிற்பது ஒஸ்ரன்பேர்க் மேடு. அதிலே ஒல்லாந்தர் கோட்டை கட்டினர். 1782 சனவரியில் ஆங்கிலேயர் இவ்விடத்தைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சவ்பிரன் அதனைப் பறித்துக்கொண்டார். உதவிக்கு விரைந்து வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ், கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். செத்தெம்பர் 3ஆம் நாள் இரு படைகளும் இக்கடலிலே மோதின. வெற்றி தோல்வி தெளிவாக முடிவாகவில்லை. ஆனால் துறைமுகத்தை இழந்த ஆங்கிலக் கப்பற்படை, வாடைக்காற்றுக்கு ஒதுங்க இடமின்றி, இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை செல்ல நேர்ந்தது. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட இத்துறைமுகம் 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் இதன்மேல் குண்டு வீசின. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இலேயே இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

வாயிலைத் தாண்டி வடக்கே திரும்பிப் பார்த்தால் சுவாமி மலையும் அதன் உச்சியிலே கோணேசர் கோயிலும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். இதன் அழிவுக்கும் இக்குடாவுக்கு வந்த கப்பல்களுக்கும் தொடர்பு உண்டு. 1620ஆம் ஆண்டு தென்மார்க்கு நாட்டுத் தளபதி ஓவ யெட்ட என்பவர் கப்பல்களோடு இங்கு வந்து, கண்டி அரசன் செனரதனோடு உடன்பாடு பேசினார். அம்முயற்சி நிலைக்கவில்லை. அவர் தஞ்சை நாயக்க மன்னரோடு செய்துகொண்ட ஒப்பந்தமே நிலைத்தது. தரங்கம்பாடி டேனியர் துறைமுகமானது அவ்வாறுதான். ஆனால் அவரது வருகை போர்த்துக்கேயரை விழிக்கச் செய்தது. பிறர் வந்து பிடிக்கு முன்னர் தாமே துறைமுகத்தைப் பிடித்துவிட எண்ணிய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1622 முதல் 1624 வரையான காலப்பகுதியில் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். கற்களுட் சில கடலுள் வீழ்ந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அவற்றைக் கடலடியிற் கண்டனர். புதிதாக எழுந்த கோயிலுக்கு 1963இலே கும்பாபிசேகம் நடைபெற்றது.

நேயர்களே, இதுவரை சொல்லியவை பெரும்பாலும் நூல்களிலே எளிதாகக் கிடைக்கக்கூடியவை. இனிக் கலம் தெற்கே திரும்புகிறது. நூல்கள் மெலியத் தொடங்குவதும் இங்கேதான்.

இடப்புறம் குடாவின் தென்கிழக்கு முனை. அங்கே பிரித்தானியர் கட்டிய வெளிச்சவீடு ஒன்று உண்டு. ஆங்கில மாலுமிகள் அம்முனைக்கு ‘பவுல் பொயின்ற்’ என்று பெயரிட்டனர். கப்பலுக்கு ஆகாத முனை என்பது அதன் பொருள். சோபர், ஒஸ்ரன்பேர்க், பிரெடெரிக், பவுல் பொயின்ற் என்று நாம் இதுவரை உச்சரித்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். எல்லாம் பெருங்கப்பலின் தட்டில் நின்று பார்த்தவர் இட்டவை. மூதூர் மீனவருக்கும் கிண்ணியா மீனவருக்கும் வேறு பெயர்கள் உண்டு. எந்த மலையும் எந்த மரமும் ஒன்றுக்கொன்று நேரே வரும்போது அடியிலே பார் இருக்கும், எந்த மாதத்தில் எந்த நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் வாய்மொழியாகப் போற்றி வரும் அறிவு. அது எந்த வரைபடத்திலும் இல்லை.

கலம் மூதூரை அடைகிறது. பிள்ளைகள் சொல்லும் ‘வெள்ளைக்காரன் பிடிபட்ட’ கதையின் களம் இதுவே. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்திலே புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் தேடியும் வணிகம் நாடியும் கொட்டியாரத்துக்கு வந்தது. வாடைக்காற்றைப் பற்றி முன்னர் கூறியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1660 ஏப்பிரலில் அதன் தலைவர் றொபேட் நொக்சும் ஆட்களும் இராசசிங்கனின் அதிகாரிகளால் கரையிலே பிடிக்கப்பட்டனர். தலைவரின் மகனுடைய பெயரும் றொபேட் நொக்சே. கப்பலுக்குச் செய்தி கொண்டு செல்லுமாறு அனுப்பப்பட்ட அம்மகன், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும், சொன்ன சொல் தவறாது தந்தையிடம் திரும்பி வந்தான். பதினாறு பேர் சிறைப்பட்டனர். தந்தை 1661இலே கண்டி நாட்டில் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1679இலே தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இலே இலண்டனில் வெளியாயிற்று. இக்கதையின் நினைவாக மூதூரிலே ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது.

நொக்சின் கதை சிறந்த கதைதான். ஆனால் மறுபுறம் நின்றும் அதனைப் பார்க்கலாம் அல்லவா? முறிந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் கொட்டியாரத்துக் காட்டிலே கிடைக்கும் என்று மசூலிப்பட்டினம் வரை அறிந்திருந்தார்கள். வணிகம் செய்யத்தக்க மக்கள் இங்கு இருந்தார்கள். கரையிலிருந்து மலைநாட்டு அரசனுக்குச் செய்தி செல்லும் வழி திறந்திருந்தது. 1612இலேயே ஒல்லாந்தர் கொட்டியாரத்தில் ஒரு சிறு கோட்டை கட்ட முயன்று, போர்த்துக்கேயரால் அதனை இழந்தனர். கொட்டியாரம் ஓர் இயங்கும் துறையாக இருந்தது என்பதே இவற்றின் பொருள். கண்டி அரசுக்குக் கீழைக் கடலின் வாசல்களுள் ஒன்று இது. வன்னிமைகளின் ஆட்சியிலே கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று, திருகோணமலைப் பற்று என நான்கு பிரிவுகள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில், 1786ஆம் ஆண்டு, வான் சென்டன் என்னும் அதிகாரி இப்பற்றுகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். கோட்டைக்குள் இருந்துகொண்டு இம்மாவட்டத்தை அறிய முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூதூரிலிருந்து மேற்கே கங்கை முகத்தை நோக்கிக் கலம் செல்கிறது. கங்கையின் கரையிலேதான் திருக்கரைசைப் புராணம் பாடும் கரைசைத் தலம். உள்ளே சென்றால் சேருவிலைத் தாதுகோபம். கரை நெடுகிலும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயமும். இத்தனை சமயத்தாரும் நீராடியதும் பாய் விரித்ததும் இதே நீரிலே. அதற்கப்பால் கிண்ணியாவைக் கடந்து தம்பலகாமக் குடாவினுள் நுழையலாம். தட்டையான ஒருவகைச் சிப்பியிலிருந்து சிறு முத்துக்கள் எடுக்கப்பட்ட நீர்ப்பரப்பு அது. கோணேசர் கோயில் இடிக்கப்பட்டபோது மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்களின் கதை, தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலோடு தொடர்புடையது. வடகரையிலே அழிந்தது உட்கரையிலே பிழைத்தது எனலாம்.

இந்தக் கரையின் உயிரை இலக்கியத்திலே பிடித்து வைத்தவர் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம். 1925இலே பிறந்து 2001இலே மறைந்த அவருடைய ‘தோணி’ என்ற சிறுகதைத் தொகுதி, 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்ற கடற்கரை இளைஞனின் ஏக்கத்தை அத்தலைப்புக் கதையிலே காண்கிறோம். ஆயிரம் தொன் கப்பல்களுக்காக அரசுகள் போரிட்ட குடாவிலே, ஒரு சிறு தோணிக்காக ஒருவன் ஏங்கினான் என்பதை எமக்கு உணர்த்தியவர் அவரே. வரலாற்று நூல்கள் விட்ட இடத்தை இலக்கியம் நிரப்பியது.

தோணிக்குப் பின் லோஞ்ச் வந்தது. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே ஓடிய லோஞ்சிலே மாணவர், ஆசிரியர், நோயாளிகள், வியாபாரிகள், கோழியும் தயிர்ச் சட்டியும் நெல் மூடையுமாக மக்கள் பயணம் செய்தனர். தரைவழியே செல்வதாயின் துறைக்குத் துறை பாதையிலே ஏறி ஆறு கடக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்திலே கடல் அடைபட்டது. மீன்பிடியும் பயணமும் கட்டுப்பாட்டுக்குள்ளாயின. 2004 திசெம்பர் 26இலே ஆழிப்பேரலை மூதூரையும் கிண்ணியாவையும் தாக்கியது. 2006 ஓகஸ்டிலே மூண்ட சண்டையில் மூதூர், தோப்பூர்ப் பகுதி மக்கள் வீடுகளை விட்டுக் கந்தளாயை நோக்கியும், கிழக்கு மூதூர் மக்கள் வெருகல், வாகரைப் பக்கமாகவும் போயினர். ஓடியவர்கள் உயிரைக் கொண்டு சென்றார்கள். வீட்டிலிருந்த ஏடும் படமும் தோணியும் பலருக்கு மிஞ்சவில்லை.

பின்னர் பாலங்கள் வந்தன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்தோபரிலே திறக்கப்பட்டது. கங்கை, இறால்குழி, உப்பாறு ஆகிய இடங்களின் பாலங்கள் 2011இலே திறக்கப்பட்டன. கர்ப்பிணித் தாயொருத்தி நள்ளிரவிலும் பட்டணத்து ஆசுபத்திரியை அடைய முடிகிறது என்றால், அதனைவிட வேறென்ன வேண்டும்? பாலம் வந்ததற்கு எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் பாலம் வந்ததோடு குடாவைக் கடக்கும் பழக்கம் குறைந்தது. கடக்காத நீரைப் பற்றிய அறிவும் குறையத்தான் செய்யும். பாய்த்தோணி ஓட்டிய தண்டல்மார் இன்று வெகுசிலரே. அவர்களுக்குப் பின், பாரின் பெயரையும் ஓட்டத்தின் பெயரையும் யாரிடம் கேட்பது?

ஆகவேதான் சிறு கலப் பண்பாட்டுப் பயணம் ஒன்று இக்குடாவிலே முறையாகத் தொடங்கப்பட வேண்டும் என்கிறேன். அது வெறும் உல்லாசமாக முடிந்துவிடாதிருக்கச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, பாதுகாப்பு. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளும் நீரிலே மாண்டதை நாம் மறக்கலாகாது. பாலம் கட்டி முடியாத நிலையில் மக்கள் ஏறிய மிதவை அது. எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கும், ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கியும், கலத்தைச் சோதித்த சான்றும் இன்றி எந்தப் பயணமும் புறப்படக்கூடாது. பயணிக்கு இருக்க வேண்டிய இப்பாதுகாப்பு, தினமும் ஆறு கடக்கும் எமது பிள்ளைக்கு அதற்கு முன்பே இருக்க வேண்டும்.

இரண்டாவது, இயற்கைக்குக் கேடு நேரலாகாது. குடாவுக்கு வெளியே வடக்கில், நிலாவெளிக்கு எதிரே, எம்மவர் புறாமலை என வழங்கும் தீவு இருக்கிறது. 1963இலே சரணாலயமாகவும் 2003இலே தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. மிதமிஞ்சிய கூட்டம் அங்குள்ள பவளப்பாறைகளுக்கு ஏற்படுத்தும் நெருக்கடியை அறிந்தோர் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றனர். அந்த நிலை கொட்டியாரக் குடாவின் தீவுகளுக்கு வரக்கூடாது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கதை சொல்பவர் யார் என்பது. சோபர் தீவும் ஒஸ்ரன்பேர்க் மேடும் கடற்படையினரின் பொறுப்பில் உள்ளவை. அங்கே செல்ல அவர்களது அனுமதி வேண்டும், அது கிடைக்கலாம். ஆனால் கலத்தில் நின்று விளக்கம் சொல்பவர் கொழும்பிலே அச்சிட்ட கையேட்டை வாசிப்பவராக இருந்தால், தென்கரை மீண்டும் ஒரு பச்சைக் கோடாகவே நின்றுவிடும். மூதூரிலும் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் உள்ள இளைஞர், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகச் சேர்ந்து, இதற்குப் பயிற்சி பெற வேண்டும். முதியோரிடம் சென்று பார்களின் பெயரையும் துறைகளின் பெயரையும் காற்றின் குறிகளையும் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, எழுத்திலே சேர்க்க வேண்டும். இன்று ஒரு கைத்தொலைபேசி போதும் அதற்கு. வருமானத்தின் பெரும்பகுதி கரையிலே தங்க வேண்டும் என்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

துருக்கியிலே எழுத்தாளர்கள் ஏறிய கலம் கடற்பஞ்சு குளிப்போனுடையது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். அங்கே பயணத்தொழில் பின்னர் வந்தது. கரையை அறியும் ஆசை முன்னர் வந்தது. எமக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும். வெளிநாட்டுப் பயணி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோப்பூரிலும் மூதூரிலும் உள்ள பாடசாலைப் பிள்ளைகள் இருபது பேரை, மிதவை அங்கி அணிவித்து, ஒரு நல்ல லோஞ்சிலே ஏற்றி, ஒரு முதிய தண்டலையும் ஒரு வரலாற்று ஆசிரியரையும் உடன் அனுப்பினால் முதற்பயணம் தொடங்கிவிட்டது. சுவாமி மலையையும் கோட்டையையும் அப்பிள்ளைகள் நீரிலிருந்து பார்க்கட்டும். பிறகு கலத்தைத் திருப்பித் தமது கரையையும் அதே நீரிலிருந்து பார்க்கட்டும். அந்தக் கரையிலே பிடிபட்டவனுக்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்ந்தவர் யார் என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். அதற்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.